காத்து அடிச்ச மறுநாள் எதைக் குறிக்கணும், எப்படி எண்ணணும்? (வாடிப்பட்டி – சோழவந்தான் – மேலூர் பக்கம்)

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

கோடை இடிமழையோட காத்து அடிச்சு வாழை சாயறது நம்ம பக்கம் புதுசில்ல. மறுநாள் பேப்பர்ல "சூறாவளி"ன்னு போடுறாங்க, வாட்ஸ்அப்புல "டொர்னாடோ"ங்கறாங்க, ஊருக்குள்ள "பேய்க்காத்து". ரெண்டாம் நாளே மரத்தை அறுத்துப் போட்டுடறோம், அதுக்கப்புறம் எது என்னன்னு சொல்ல ஒண்ணும் மிஞ்சறதில்ல.

எங்க விவசாயிகள் குழுவுக்கு ஒரு பக்கத்துல அடங்குற மாதிரி ஒரு படிவம் வேணும். கேள்வி மூணு. முதல் 24 மணி நேரத்துல எதையெல்லாம் குறிக்கணும்? சுழல்காத்தா, நேர்காத்தான்னு சேதத்தை வச்சே சொல்ல முடியுமா? வருவாய்த்துறைக் கணக்கெடுப்புல நிக்கற மாதிரி எண்ணிக்கை எப்படி எடுக்கறது? அனுபவக் கதை வேணாம், செய்முறை சொல்லுங்க.

நாகமலைக்காற்று

முதலில் பெயர்களைப் பிரித்துவிடலாம். குழப்பத்தில் பாதி அங்கேதான்.

சூறைக்காற்று: இடிமேகத்திலிருந்து கீழே கொட்டும் குளிர்ந்த காற்று தரையில் மோதி முன்னால் பாய்வது. காற்றுவேகம் திடீரென விநாடிக்கு 8 மீட்டராவது கூடி, 11 மீட்டரை (மணிக்கு சுமார் 40 கி.மீ.) எட்டி, ஒரு நிமிடமாவது நீடித்தால் வானிலைக் கணக்கில் அது சூறை. நம் வட்டாரச் சேதத்தில் பெரும்பகுதி இந்த வகைதான். இதுவே ஒரே இடத்தில் செங்குத்தாக இறங்கி, 4 கி.மீ.க்குள் அடங்கும் பரப்பில் சிதறினால் மைக்ரோபர்ஸ்ட்.

சுழல்காற்று (டொர்னாடோ): மேகத்தின் அடிப்பகுதியோடு தொடர்புள்ள சுழல் தரையைத் தொடுவது. குறுகிய, நீண்ட பாதை.

பேய்க்காற்று: வெயில் கொளுத்தும் மதியம் தரிசு நிலத்தில் கிளம்பும் தூசுச்சுழல். மேலே மேகமே இருக்காது. லேசான தகரத்தைத் தூக்கும், தென்னையை முறிக்காது.

கடலில் உருவாகும் புயல் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறானது.

வீழ்ந்த மரங்களைப் பார்த்து காற்றைப் படிக்கும் முறையை வளர்த்தவர் ஜப்பானில் பிறந்த வானிலை ஆய்வாளர் ஃபுஜிதா. 1945-ல் ஹிரோஷிமா, நாகசாகியில் மரங்கள் நட்சத்திரம் போல வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர். 1974 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரே நாளில் ஏராளமான சுழல்காற்றுகள் அடித்த பிறகு விமானத்திலிருந்து பார்வையிட்டபோது, ஓரிடத்தில் அதே நட்சத்திர வடிவம் தெரிந்தது. அங்கே அடித்தது சுழல்காற்று அல்ல, மேலிருந்து கொட்டிய காற்று என்ற முடிவுக்கு வந்தார். நாம் செய்யவேண்டியதும் அந்த வேலையேதான்: எது எந்தப் பக்கம் விழுந்தது என்று குறிப்பது. விசாரணையெல்லாம் பிறகு.

நாகமலைக்காற்று

செய்முறை.

சேதம் ஓடும் திசைக்குக் குறுக்காக நடக்க வேண்டும். சேதத்தோடு கூடவே நடப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படி நடந்தால் எல்லா இடத்திலும் எல்லாம் விழுந்தது போலத் தெரியும். அரை கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று நான்கு குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் 20–25 மீட்டருக்கு ஒரு புள்ளி. சேதம் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு புள்ளி, முடிந்த பிறகு இரண்டு புள்ளி சேர்த்தே எடுங்கள். "இங்கே ஒன்றும் இல்லை" என்ற குறிப்பு இல்லாமல் அகலம் தெரியாது.

ஒவ்வொரு புள்ளியிலும் மரத்தின் வேர்ப்பக்கம் நின்று நுனியை நோக்கி காம்பஸ் பிடித்து டிகிரி குறியுங்கள். காற்றுத்திசையைச் சொல்லும்போது "எங்கிருந்து" என்று சொல்வோம், சாய்ந்த திசையோ "எதை நோக்கி". இரண்டையும் கலக்காதீர்கள். மதுரையில் காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 2 டிகிரிதான், திருத்தம் தேவையில்லை. ஆனால் போன் காம்பஸை பைக் மேல் வைத்தோ, தகரக் கூரை ஓரமோ, டிரான்ஸ்பார்மர் பக்கமோ பார்த்தால் 30, 40 டிகிரி கூடத் தவறும். ஐந்தாறு எட்டு தள்ளி நின்று பாருங்கள்.

ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருந்தால் அடியில் கிடப்பதுதான் முதலில் விழுந்தது. இரண்டையும் தனித்தனியாக, "கீழ் 140, மேல் 75" என்று எழுதுங்கள். காற்று எந்த வரிசையில் திரும்பியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. மரம் அறுக்கும் ஆள் வந்ததும் முதலில் போவதும் இதுதான்.

மேலூர்பக்கம்

எல்லாம் சரி சார். தகரம் அரை கிலோமீட்டர் பறந்து போயி அடுத்த ஊர்க் கண்மாய்ல கெடக்கு, பார்த்தவங்களும் "காத்து சுத்திக்கிட்டே வந்துச்சு"ங்கறாங்க. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? டொர்னாடோதானே அது?

ட்ரஸ்போல்ட்

தகரத்தை வச்சு முடிவு கட்டாதீங்கண்ணே. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காத்தழுத்தம் = 0.6 × வேகத்தின் வர்க்கம். வேகம் விநாடிக்கு மீட்டர்ல, விடை சதுர மீட்டருக்கு நியூட்டன்ல. மணிக்கு 100 கி.மீ.ன்னா விநாடிக்கு 27.8 மீட்டர். அழுத்தம் சுமார் 463, அதாவது சதுர மீட்டருக்கு 47 கிலோ. அரை மில்லி தகரம் சதுர மீட்டருக்கு நாலு, நாலரை கிலோதான். அப்ப தகரத்தை அங்க பிடிச்சு வச்சிருக்கறது அதோட எடையில்ல, ஜே போல்ட்டுதான் (தகரத்தை மாட்டுற J வடிவக் கொக்கி).

10 அடிக்கு மூன்றரை அடி ஷீட்டுன்னா 3.25 சதுர மீட்டர். மேல இழுக்கற விசை 150 கிலோ. ஆறு போல்ட்டுக்குப் பிரிச்சா ஒண்ணுக்கு 25 கிலோ, அது நல்ல போல்ட்டுக்குத் தூசு. ஆனா தாழ்வார ஓரத்துலயும் மூலையிலயும் உறிஞ்சற விசை நடுவுல இருக்கறதைப் போல ரெண்டு மடங்குக்கும் போகும். வாஷர் மக்கிப்போயி, ஓட்டை பெருசாகி, ஆறுல மூணு போல்ட்டு இல்லாம இருந்தா ஓரத்து ஷீட் முதல்ல கிளம்பும். அடியில காத்து புகுந்தா மிச்சம் எல்லாம் வரிசையா உரிஞ்சிடும். கிளம்புன ஷீட் சீட்டுக்கட்டு மாதிரி மிதந்து போறதுக்கு நேர்காத்தே போதும்.

ஷெட்டுல பார்க்க வேண்டியது:

போல்ட் ஓட்டை எப்படிக் கிழிஞ்சிருக்கு? ஷீட்டுல ஓட்டை நீளமா கிழிஞ்சு போல்ட்டு பர்லின்லயே (தகரத்தைத் தாங்குற குறுக்குச் சட்டம்) நின்னா, ஷீட் போல்ட்டை விட்டு உருவிக்கிட்டு வந்திருக்கு. போல்ட்டே நிமிர்ந்து கழண்டிருந்தா கொக்கி சரியா மாட்டல. பர்லினோட போயிருந்தா வெல்டிங்கைப் பாருங்க. ட்ரஸ்ஸோட (கூரையைத் தாங்குற முக்கோணச் சட்டம்) மொத்தமா போயிருந்தா சுவத்துக்கும் ட்ரஸ்ஸுக்கும் பிடிப்பே இல்லாம சும்மா உக்கார வச்சிருக்காங்கன்னு அர்த்தம். நம்ம பக்கம் கோழி ஷெட்டு, மாட்டுக்கொட்டகை பலதுல சிமெண்ட் கலவையில பதிச்ச ரெண்டு கம்பி மட்டும்தான்.

இன்னொண்ணு. கட்டடத்து மேல காத்து தர்ற சுமைக்கான இந்தியத் தர நிர்ணயம் 875, மூணாம் பகுதியில மதுரைக்கு அடிப்படைக் காத்துவேகம் விநாடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கி.மீ. அந்தக் கணக்குல ஒழுங்கா கட்டுன கூரை போயிருந்தாதான் அது சேதி. நாலு போல்ட்டுல நின்ன கூரை போனா, காத்து வேகமா அடிச்சதுன்னு அதை வச்சு சொல்ல முடியாது.

நாகமலைக்காற்று

ட்ரஸ்போல்ட் சொன்னதோடு ஒட்டிப் பார்க்க வேண்டியது ஈஎஃப் (மேம்படுத்திய ஃபுஜிதா) அளவுகோல். சுழல்காற்றின் வலிமையைச் சேதத்தை வைத்து மதிப்பிடுவது. அமெரிக்காவில் 2007 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருப்பது. கட்டடம், மரம், கம்பம் என 28 வகைகளுக்கு எந்த அளவு சேதம் என்று பார்த்து, மூன்று விநாடி வீச்சின் வேகத்தை மதிப்பிடுவார்கள். ஈஎஃப்-0 என்றால் மணிக்கு 105–137 கி.மீ., ஈஎஃப்-1 என்றால் 138–177. ஆக, விதிப்படி கட்டிய மதுரைக் கூரை ஈஎஃப்-0 முழுவதையும் தாங்க வேண்டும்.

ஆனால் அந்த 28-இல் நாட்டு ஓடும் கீற்றுக் கொட்டகையும் இல்லை. அமெரிக்க மரவீட்டுக்கு எழுதிய வரியை அப்படியே நம் ஓட்டுவீட்டுக்குப் பொருத்தினால் விடை தவறும். ஜப்பான்காரர்கள் இதனால்தான் தங்கள் ஊருக்கென 30 வகையில் தனி அளவுகோல் எழுதி 2016-லிருந்து பயன்படுத்துகிறார்கள். அதில் கல்லறைக் கல்லும் உண்டு, தானியங்கி விற்பனைப் பெட்டியும் உண்டு. நமக்கு அப்படி ஒன்று வரும்வரை களத்தில் "ஈஎஃப் இவ்வளவு" என்று எழுதாமல், என்ன உடைந்தது, எப்படிப் பிடிப்பு இருந்தது என்பதை மட்டும் எழுதுவது நேர்மை.

மேலூர்பக்கம் கேட்ட "சுத்திக்கிட்டே வந்தது" பற்றி. சூறையின் முன்விளிம்பில் புழுதி சுருண்டு சின்னச் சின்னச் சுழல்களாக எழும்பும். பார்க்க சுழல்காற்று போலவே இருக்கும். மேகத்தோடு தொடர்பு கிடையாது, சில நிமிடத்தில் கலைந்துவிடும். பார்த்தவர் பொய் சொல்லவில்லை, ஆனால் பார்த்தது அதுவாகவே இருக்கலாம். அவரிடம் கேட்க வேண்டியது: "சுழல் மேகத்தோட ஒட்டியிருந்ததா, தரையோட மட்டும் இருந்ததா?"

குறித்த திசைகளைப் படிக்கும் விதம் இது. பாதை மேற்கிலிருந்து கிழக்கு என்று வைத்துக்கொள்வோம். தெற்கு ஓரத்தில் மரங்கள் கிழக்கு, வடகிழக்கு நோக்கியும், வடக்கு ஓரத்தில் தெற்கு, தென்மேற்கு நோக்கியும் கிடந்து, நடுக்கோட்டை நோக்கிக் குவிந்தால் சுழல். அதுவும் ஒரு கோட்டில் மட்டுமல்ல, மூன்று கோட்டிலும் அப்படியே வரவேண்டும். ஒரு புள்ளியிலிருந்து விசிறி போல வெளியே விரிந்தால் மைக்ரோபர்ஸ்ட். எல்லாம் ஒரே பக்கம், 20–30 டிகிரி முன்னப்பின்ன கிடந்தால் சாதாரணச் சூறை.

கொடிக்கால்

நாகமலை சார் சொல்றது தென்னை, வேம்பு, வாகைக்கு சரி. வாழைக்கும் வெத்தலைக் கொடிக்காலுக்கும் அப்படியே எடுத்தா ஏமாந்துருவீங்க.

தார் போட்ட வாழை காத்தடிக்காட்டியும் தார்ப்பக்கம் தலை சாஞ்சுதான் நிக்கும். லேசா காத்து தட்டுனா தார் தொங்குற பக்கமே விழும். அதுனால திசை எடுக்கறதுக்கு தார் போடாத மரத்தை மட்டும் பாருங்க. முட்டுக்கம்பு கொடுத்திருந்தா கம்புக்கு எதிர்ப்பக்கம் விழும். கயிறு போட்டு ஒண்ணோட ஒண்ணு கட்டியிருந்தா ஒரு மரம் நாலைச் சேத்து இழுத்துக்கிட்டுப் போகும். அதெல்லாம் திசைக்கு ஆகாது, எண்ணிக்கைக்கு மட்டும்.

சோழவந்தான் கொடிக்கால்ல அகத்தி வரிசைக்கு வரிசை குறுக்குக் கம்பு வச்சுக் கட்டியிருக்கும். சாயும்போது பாத்தியோட மொத்தமா, கட்டுன வாக்குலதான் சாயும். காத்து தெக்க இருந்து வந்தாலும் வரிசை கிழமேக்கா இருந்தா கிழக்க படுக்கும். அதைப் பாத்து திசை எழுதிடாதீங்க.

வாய்க்கால் கரை மரமும் அப்படித்தான். தண்ணிப்பக்கம் வேருக்குப் பிடி இருக்காது, அந்தப் பக்கமே சாயும். ரோட்டை அகலப்படுத்தும்போது ஒரு பக்கம் வேரை வெட்டுன புளியமரமும் அதே கேஸு.

நெல்லு படுத்துக் கெடக்கறதுல சுழி சுழியா தெரியும். நேர்காத்துலயே அப்படித்தான் படுக்கும், அதுல சுழலைத் தேடாதீங்க.

புலப்படம்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

நிவாரணத்துக்குக் காற்றின் பெயர் இரண்டாம்பட்சம், சதவீதம்தான் முக்கியம். பேரிடர் நிவாரண விதிப்படி பயிர்ச்சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 2022–26 காலத்து விகிதம்: மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. உச்சவரம்பு 2 ஹெக்டேர். ஒரு ஏக்கர் 0.405 ஹெக்டேர், ஆக பாசனப் பயிர் ஏக்கருக்கு 6,885 ரூபாய். போட்ட செலவில் இது எத்தனை பங்கு என்று உங்களுக்கே தெரியும். இருந்தாலும் கணக்கு தவறினால் அதுவும் இல்லை.

ஏக்கருக்கு ஆறடிக்கு ஆறடி வாழை என்றால் 1,210 மரம். 33 சதவீதம் என்பது 400 மரம். ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கம் 63.6 மீட்டர். 20 மீட்டர் அகலத்துக்குக் காற்று குறுக்கே போயிருந்தால் விழுந்தது 31 சதவீதம், சுமார் 380 மரம். 20 மரத்தில் நிவாரணம் போகிறது! இந்த இடத்தில் "சுமார் பாதி" என்று வாய்க்கணக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

வரிசை வரிசையாக எண்ணுங்கள். நுனி வரப்பிலிருந்து வரிசைக்கு எண் போட்டு, முதல் மரத்தில் சுண்ணாம்பால் எழுதி, நான்கு நிரல்: மொத்தம், ஒடிந்தது, கிழங்கோடு பெயர்ந்தது, நிற்பது. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒத்துப் பாருங்கள். 35 வரிசைக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

பத்து ஏக்கருக்கு மேல் என்றால் மாதிரி எடுக்கலாம். 10×10 மரம் கொண்ட கட்டம், ஏக்கருக்கு மூன்று. ஆனால் கட்டங்களைக் காற்றுப் பாதைக்குக் குறுக்கே பரப்பி வையுங்கள். பாதை வழியே வைத்தால் எல்லாக் கட்டமும் 90 காட்டும், ஒதுங்கி வைத்தால் பூஜ்யம் காட்டும். இரண்டுமே பொய்க்கணக்கு.

காகிதத்தில் சிக்கும் இடங்கள்: அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேடு) வேறு பயிர் இருப்பது (கரும்பு வெட்டி வாழை வைத்து, அடங்கல் மாறாமல் கிடக்கும்), கூட்டுப் பட்டாவில் யார் பங்கு எது என்று பிரியாதது, குத்தகைதாரர் பெயர் எங்குமே இல்லாதது. புல எண்ணோடு உட்பிரிவு எண்ணும் எழுதாவிட்டால் பக்கத்து உட்பிரிவோடு சேர்ந்து சதவீதம் குறைந்துவிடும். புலப்பட நகலைக் கையில் வைத்துக்கொண்டே நடங்கள். கிராம நிர்வாக அலுவலரோடு தோட்டக்கலைப் பயிருக்கு உதவித் தோட்டக்கலை அலுவலரும் சேர்ந்து பார்ப்பார்கள். இருவர் கணக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

மாடு, ஆடு இறந்திருந்தால் புதைப்பதற்கு முன் கால்நடை உதவி மருத்துவரின் சான்று. புதைத்த பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மேலூர்பக்கம்

அப்ப பயிர்க் காப்பீடு கட்டுனவங்களுக்கு? 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும்ங்கறாங்களே.

புலப்படம்

அந்த 72 மணி நேரம் தனிப்பட்ட வயல் அளவில் பார்க்கும் இடர்களுக்கு: ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குதல், மேகவெடிப்பு, மின்னலால் தீ. வெறும் காற்று அந்தப் பட்டியலில் இல்லை. காற்றுச் சேதம் பகுதி அளவிலான மகசூல் கணக்கில்தான் வரும். ஊர் முழுக்க விழாமல் உங்கள் தோட்டம் மட்டும் விழுந்தால் பகுதிச் சராசரியில் அது கரைந்துவிடும். இது திட்டத்தின் அமைப்பு, யாரோ ஏமாற்றியதல்ல. ஆனால் காற்றோடு ஆலங்கட்டி விழுந்திருந்தாலோ தண்ணீர் தேங்கியிருந்தாலோ அதைத் தனியாகப் படம் எடுத்து 72 மணிக்குள் பயிர்க் காப்பீட்டு உதவி எண் 14447-ல் பதிவு செய்யுங்கள். ஆலங்கட்டி கரைவதற்குள் ஒரு படம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து.

நிவாரண நிதியின் மத்தியப் பட்டியலிலும் "சூறைக்காற்று" என்று தனிப்பெயர் கிடையாது, புயலும் ஆலங்கட்டியும் உண்டு. உள்ளூர்ப் பேரிடர் என்று மாநிலம் அறிவித்தவற்றுக்கு அந்த நிதியில் 10 சதவீதம் வரை செலவிடலாம். எனவே மனுவில் "டொர்னாடோ" என்று எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. "இடிமழையுடன் கூடிய பலத்த காற்று", தேதி, நேரம், அவ்வளவு போதும்.

பறவைப்பார்வை

மேலிருந்து எடுக்கும் படத்தைப் பற்றி. டிரோன் இருந்தால் 60 மீட்டர் உயரம், முன்பின் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி எடுங்கள். வாழையிலை காற்றில் ஆடினால் படங்கள் ஒட்டாமல் குழம்பும். அதனால் காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். அவனியாபுரம், பெருங்குடி பக்கம் விமான நிலைய எல்லை வரும், டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் தூக்காதீர்கள்.

டிரோன் இல்லையென்றால் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம். 10 மீட்டர் துல்லியம், ஐந்து நாளுக்கு ஒருமுறை. ஒற்றை மரம் தெரியாது, 30 மீட்டர் அகலப் பட்டை தெரியும். முந்தைய படத்தையும் பிந்தையதையும் பச்சைக் குறியீட்டில் (பயிரின் பசுமையைக் காட்டும் எண்) கழித்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: விழுந்த வாழை இரண்டு மூன்று நாள் பச்சையாகவே கிடக்கும். அதனால் மறுநாள் படத்தைவிட ஒரு வாரம் கழித்து வருவதில்தான் பட்டை தெளிவாகத் தெரியும். அதற்குள் அறுவடை செய்த வயலும் பட்டை போலவே தெரியும், நேரில் ஒத்துப்பாருங்கள்.

ரேடாரை நம்பி இருக்காதீர்கள். காரைக்கால் ரேடாரிலிருந்து மதுரை சுமார் 215 கி.மீ. அரை டிகிரி சாய்வில் புறப்படும் கற்றை இங்கே வந்து சேரும்போது பூமியின் வளைவால் தரையிலிருந்து நாலரை கி.மீ.க்கு மேலே போய்விடும். மேகம் தெரியும், தரையோடு சுற்றும் காற்று தெரியாது.

போன் ஜிபிஎஸ் வெட்டவெளியில் ஐந்து மீட்டர் பிசகும், தென்னந்தோப்புக்குள் பத்துக்கும் மேலே. பெரிய புள்ளிகளில் ஒரு நிமிடம் நின்று குறியுங்கள்.

வைகைக்கரை

நேரத்தை எப்படி உறுதி பண்றது? ஆளுக்கொரு மணி சொல்றாங்க.

ட்ரஸ்போல்ட்

துணை மின்நிலையத்துல ஃபீடர் (ஊருக்கு கரண்ட் போற லைன்) எப்ப ட்ரிப் ஆச்சுன்னு பதிவேட்டுல எழுதியிருப்பாங்க. நிமிஷக் கணக்குல கிடைக்கும். பெட்ரோல் பங்க், ரைஸ்மில் சிசிடிவி அடுத்தது. அதுல ஒரு கோளாறு: கேமரா கடிகாரம் அஞ்சு பத்து நிமிஷம் தப்பா ஓடும். பதிவைப் பார்க்கற அன்னைக்கே கேமரா நேரத்தையும் உங்க போன் நேரத்தையும் ஒரே படத்துல எடுத்து வச்சுக்கிட்டா கழிச்சுக்கலாம். 6 கி.மீ. இடைவெளியில ரெண்டு கேமரா, 9 நிமிஷ வித்தியாசம்னா காத்துமுகம் மணிக்கு 40 கி.மீ. வேகத்துல நகர்ந்திருக்கு. அது மரத்தை அடிச்ச வேகம் இல்ல, குழப்பிக்காதீங்க.

கரண்ட் கம்பத்தைப் பத்தியும் சொல்லிடறேன். எட்டு மீட்டர் சிமெண்ட் கம்பம் நீளத்துல ஆறுல ஒரு பங்கு, சுமார் 1.35 மீட்டர் மண்ணுக்குள்ள இருக்கணும். விழுந்த கம்பத்துல மண் கறை எவ்வளவு உயரம்னு டேப் பிடிங்க. ஒரு மீட்டர்கூட இல்லைன்னா கம்பம் விழுந்ததுக்குக் காத்து பாதிக் காரணம்தான். அப்புறம், ஒரு மரம் கம்பி மேல விழுந்தாலே நாலு கம்பம் கம்பி இழுக்கற வாக்குல வரிசையா போகும். கம்பம் சாஞ்ச திசையைக் காத்துத்திசையா எழுதறதுதான் நான் பார்க்கற படிவங்கள்ல அடிக்கடி வர்ற தப்பு.

நாகமலைக்காற்று

சுவரையும் பாருங்கள், யாரும் பார்ப்பதில்லை. சேறும் பொடியான இலைத்துணுக்கும் சுவரில் அப்பியிருக்கும். வேப்பிலைத் துணுக்கு நகம் அளவில் கிழிந்து, சுண்ணாம்புச் சுவரில் பச்சை பொட்டுப் பொட்டாக ஒட்டியிருப்பது நன்றாகவே தெரியும். ஒரு சுவரில் மட்டும், அல்லது அடுத்தடுத்த இரண்டு சுவரில் இருந்தால் காற்று ஒரு பக்கமிருந்து வந்தது. நான்கு சுவரிலும் இருந்தால் காற்று அங்கே திரும்பியிருக்கிறது. காய்ந்ததும் உதிரும், அடுத்த மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். நான்கு சுவருக்கும் நான்கு படம், எந்தச் சுவர் எந்தத் திசை என்று சாக்பீஸால் சுவரிலேயே எழுதி எடுங்கள்.

ஓட்டுவீட்டில் ஓடு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதும் முக்கியம். காற்று எதிர்ப்படும் பக்கத்தைவிட, முகட்டைத் தாண்டிய மறுசரிவில்தான் உறிஞ்சல் அதிகம். காற்று வந்த பக்கம் ஓடு அப்படியே இருக்க, மறுபக்கம் முகட்டை ஒட்டிக் காலியாக இருப்பதைப் பார்த்து "காற்று அந்தப் பக்கமிருந்து வந்தது" என்று தலைகீழாக எழுதிவிடுவார்கள்.

கொடிக்கால்

கணக்கெடுக்கப் போறவங்க பத்திரம். நம்ம பக்கம் தரைமட்டக் கிணறு நெறைய. சாஞ்ச வாழையிலையும் கீத்தும் மூடிக்கிட்டா கிணறு இருக்கறதே தெரியாது. தோட்டக்காரரை முன்னால விட்டு நீங்க பின்னால போங்க. விழுந்த கூரைக்கடியில பாம்பு ஒதுங்கும், கையை விட்டுத் தூக்காதீங்க, கம்பால நெம்புங்க. கம்பி அறுந்து கெடந்தா பத்து மீட்டர் தள்ளி நின்னு மின்வாரியப் புகார் மையம் மின்னகம் 94987 94987-க்கு சொல்லிட்டு மறுபக்கமா சுத்திப் போங்க. கரண்ட் இல்லைன்னு நம்பாதீங்க, யாராவது ஜெனரேட்டர் போட்டு கம்பில ஏத்தி விட்டிருப்பாங்க.

எண்ணி முடிச்சதும் வாழையை அப்படியே போட்டு வைக்கக் கூடாது. முக்காவாசிக்கு மேல முத்துன தாரை அன்னைக்கே வெட்டுங்க, சிப்ஸுக்குப் போகும். இளந்தார் ஒண்ணுக்கும் ஆகாது. நடுவுல ஒடிஞ்ச மரம் திரும்பத் தேறாது, அடியோட வெட்டி நல்ல பக்கக்கன்னு ஒண்ணை மட்டும் விட்டு மத்ததை எடுத்துருங்க. ஒடிஞ்ச தண்டை அழுக விட்டா தண்டுக் கூன்வண்டு அதுல பெருகி நிக்கற மரத்துக்கும் ஏறும். தண்டைப் பிளந்து துண்டு போட்டு வெயில்ல காயப் போடுங்க. இலை மட்டும் கிழிஞ்சு நிக்கற மரத்தை வெட்டிடாதீங்க, கொஞ்சம் மெலிஞ்சாலும் தார் கொடுக்கும். சேதக் கணக்குலயும் அதை "விழுந்தது"ன்னு சேத்தா அதிகாரி வந்து பாக்கறப்ப மொத்தக் கணக்கும் சந்தேகத்துக்கு வந்துரும்.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. படிவத்துக்கு நிரல் இப்படி வச்சிருக்கேன்: தேதி, நேரம் (ஆதாரம்) / காத்தின் வகை / புல எண், உட்பிரிவு / புள்ளி எண், ஜிபிஎஸ் / என்ன மரம், தார் உண்டா / சாஞ்ச திசை டிகிரி / கீழ்–மேல் / எப்படி ஒடிஞ்சது / வரிசை எண்ணிக்கை / பட எண். சரியா?

நாகமலைக்காற்று

"காற்றின் வகை" நிரலை எடுத்துவிடுங்கள். இரண்டாவது நிரலில் அதை வைத்தால் முதல் ஆள் "டொர்னாடோ" என்று எழுதுவார், அடுத்த நாற்பது புள்ளியும் அதற்கேற்ப சாயும். களத்தில் அதை யாரும் நிரப்பத் தேவையில்லை. புள்ளிகளை எல்லாம் ஒரே தாளில் அம்புக்குறியாக வரைந்த பிறகு, நடக்காத ஒருவரைக் கூப்பிட்டு அவரை எழுதச் சொல்லுங்கள்.

அந்த இடத்தில் "கட்டு/முட்டு உண்டா" என்று ஒரு நிரல் போடுங்கள். கொடிக்கால் சொன்ன பிழை எல்லாம் அதில் பிடிபடும். "சேதமில்லை" என்று டிக் போட ஒரு கட்டமும்.

புலப்படம்

பட எண்ணில் "புல எண்–உட்பிரிவு–புள்ளி–பட வரிசை" என்று வையுங்கள், 112-3அ-07-02 என்கிற மாதிரி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு அழிந்துவிடும், ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள்.

கொடிக்கால்

பென்சில்ல எழுதுங்க தம்பி. மழைக்கு மறுநாள் தோட்டத்துல தாள் நனையாம இருக்காது, பேனா மை ஓடிரும்.